உப்பு களிமண்ணை இறுக்குமா, இளக்குமா?

எண்ணெய்க் கிணறு தோண்டும் இடங்களில் பென்டோனைட் என்ற களிமண்ணை நீரில் கலக்கித் துளைக்குள் செலுத்துவார்கள். நல்ல நீரில் ஊறவைத்தால் நூறு பங்கில் ஐந்தாறு பங்கு மண்ணே போதும், குழம்பு கெட்டிப்பட்டுவிடும். அதே மண்ணை அதே அளவில் கடல்நீரில் கொட்டினால் ஊறாது. கலங்கல் தண்ணீராகவே நின்று, கொஞ்ச நேரத்தில் அடியில் படியத் தொடங்கும். உப்பு களிமண்ணை இளக்கிவிடுகிறது என்றுதான் இதைப் பார்ப்பவர் சொல்வார்.

நார்வேயில் கதை தலைகீழ். பனியூழி முடியும் காலத்தில் அங்கே கடலடியில் படிந்த களிமண், நிலம் மேலெழுந்தபோது கரையேறியது. அதற்குப் பிறகு மழைநீரும் நிலத்தடி நீரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஊடுருவி, அதிலிருந்த உப்பைக் கழுவிக்கொண்டே வந்திருக்கின்றன. உப்பு போன இடங்களில் மண் பார்வைக்குத் திடமாகத்தான் இருக்கும். அதன்மேல் வீடு கட்டலாம், பயிர் வைக்கலாம். ஆனால் ஓரிடத்தில் கட்டு குலைந்தால் நீர்மமாக ஓடிவிடும். 1978 ஏப்ரல் 29 அன்று ரிசா என்ற ஊரில் ஒரு பண்ணைத் தொழுவத்தை விரிவாக்கத் தோண்டிய மண்ணை ஏரிக்கரையில் போட்டிருந்தார்கள். அந்தச் சிறு பாரத்தில் கரை சரிந்தது. ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு சரிந்ததில் 50 முதல் 60 லட்சம் கன மீட்டர் மண் இடம்பெயர்ந்தது. குலைந்து ஓடும் அந்த வகை மண்ணில் ஒரு பிடி உப்பைப் போட்டுக் கிளறினால் அது மறுபடி இறுகும். மண்ணியல் வகுப்புகளில் ஆசையாகச் செய்துகாட்டும் சோதனை இது.

ஓரிடத்தில் உப்பு இளக்குகிறது, இன்னோரிடத்தில் இறுக்குகிறது. இரண்டும் சரிதான். எப்படி என்று விளங்கிக்கொள்ள, நீருக்குள் களிமண் துகள்கள் எந்த அமைப்பில் நிற்கின்றன என்று பார்க்க வேண்டும்.

தகடும் அதன் மின்னூட்டமும்

களிமண் துகள் உருண்டையானது அல்ல, தகடு. சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு படலம், அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு படலம், இவை ஒட்டி உருவானது. ஒன்றுக்கு ஒன்று என்று ஒட்டினால் கயோலினைட். பீங்கான் செய்யும் வெள்ளை மண் இதுதான். ஓர் அடுக்கின் தடிமன் சுமார் 0.7 நானோமீட்டர். இரண்டு சிலிக்காப் படலங்களுக்கு நடுவே ஓர் அலுமினாப் படலம் அமர்ந்தால் மாண்ட்மோரில்லனைட். பென்டோனைட்டின் முக்கியப் பொருள் அது. அதன் தடிமன் கிட்டத்தட்ட 1 நானோமீட்டர், ஆனால் குறுக்களவு சில நூறு நானோமீட்டர் வரை போகும்.

மாண்ட்மோரில்லனைட்டில் ஒரு சின்னக் குறை உண்டு. படிகம் உருவாகும்போதே சில அலுமினிய அணுக்களின் இடத்தில் மெக்னீசியம் போய் உட்கார்ந்துவிடுகிறது. அலுமினியத்துக்கு மூன்று நேர்மின்னூட்டம், மெக்னீசியத்துக்கு இரண்டுதான். அதனால் தகட்டின் முகம் நிரந்தரமாக எதிர்மின் தன்மை கொண்டதாகிவிடுகிறது. அதை ஈடுகட்ட சோடியம், கால்சியம் போன்ற அயனிகள் தகடுகளுக்கு இடையில் வந்து தங்குகின்றன. பென்டோனைட்டின் குணங்களில் பெரும்பாலானவை இந்தக் குறையிலிருந்து வந்தவைதான்.

தகட்டின் விளிம்பு வேறு ரகம். அங்கே படிகம் வெட்டுப்பட்டு நிற்பதால், அதன் மின்னூட்டம் நீரின் பி.எச். அளவைப் பொறுத்து மாறும். அமில நீரில் நேர்மின், கார நீரில் எதிர்மின். ஒரே துகளில் முகம் ஒரு குணம், விளிம்பு ஒரு குணம். உருண்டைத் துகள்களுக்காக எழுதிய கோட்பாடுகள் களிமண்ணிடம் தடுமாறுவதற்கு இது முதல் காரணம்.

நீர் பட்டதும் இடையில் இருக்கும் அயனிகள் நீரை உள்ளே இழுக்கின்றன. முதலில் ஒன்று, இரண்டு, மூன்று என நீர்ப் படலங்கள் நுழைந்து தகடுகளை விலக்கும். கால்சியம் இருந்தால் விரிவு ஏறக்குறைய அங்கேயே நின்றுவிடும். அடுக்கு இடைவெளி 1.9 நானோமீட்டரைத் தாண்டாது. சோடியம் இருந்து, நீரில் உப்பும் குறைவாக இருந்தால், இடைவெளி 2 நானோமீட்டரிலிருந்து ஒரே தாவலில் 4 நானோமீட்டருக்குப் போய், அதற்குப் பிறகு விரிந்துகொண்டே போகும். கடைசியில் ஒவ்வொரு தகடும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். அப்படிப் பிரிந்த ஒரு கிராம் மாண்ட்மோரில்லனைட்டின் பரப்பு ஏறக்குறைய 750 சதுர மீட்டர். சோடியம் பென்டோனைட்டுக்கும் கால்சியம் பென்டோனைட்டுக்கும் சந்தையில் தனித்தனி மதிப்பு இருப்பது இதனால்தான்.

இரண்டு சதவீதத்தில் இடநெருக்கடி

ஒரு நீர்மத்தில் கொஞ்சம் உருண்டைத் துகள்களைப் போட்டால் பாகுத்தன்மை எவ்வளவு கூடும் என்று ஐன்ஸ்டைன் 1906-இல் கணக்குப் போட்டு, 1911-இல் அதைத் திருத்தினார். துகள்கள் அடைக்கும் கன அளவின் பங்கை 2.5-ஆல் பெருக்கினால் கூடுதல் கிடைக்கும். எடையில் 2 சதவீதம் களிமண் என்றால், அது கன அளவில் 0.8 சதவீதம் அளவுக்குத்தான் வரும். ஐன்ஸ்டைன் கணக்குப்படி பாகுத்தன்மை 2 சதவீதம் கூடினால் அதிகம். நடப்பில், நன்றாகப் பிரிந்த சோடியம் மாண்ட்மோரில்லனைட் அந்த அளவிலேயே, உப்பு நிலையைப் பொறுத்து, பாத்திரத்தைச் சாய்த்தாலும் ஓடாத கூழாக நிற்கக்கூடும்.

ஏன் என்று தோராயமாகக் கணக்கிடலாம். 1 நானோமீட்டர் தடிமனுள்ள தகடுகள் கன அளவில் 0.8 சதவீதம் இருக்கின்றன, எல்லாம் இணையாக நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த தகடுகளுக்கு இடையே 125 நானோமீட்டர் தூரம் வரும். தகட்டின் குறுக்களவோ 300 நானோமீட்டர். எந்தத் தகடும் பக்கத்துத் தகட்டை இடிக்காமல் ஒரு சுற்றுச் சுற்ற முடியாது. நூறில் தொண்ணூற்றொன்பது பங்கு நீர் இருந்தும் துகள்களுக்கு அங்கே இடமில்லை.

இதோடு மின்னூட்டமும் சேர்கிறது. எதிர்மின் முகத்தைச் சுற்றி அயனிகளின் மேகம் ஒன்று நிற்கும். அதன் தடிமனை டெபை நீளம் என்பார்கள். அதைத் தீர்மானிப்பது நீரிலுள்ள உப்பு. லிட்டருக்கு ஆயிரத்தில் ஒரு மோல் சாதா உப்பு இருந்தால் சுமார் 10 நானோமீட்டர், பத்தில் ஒரு மோல் இருந்தால் 1 நானோமீட்டர், கடல்நீரில் அரை நானோமீட்டருக்கும் கீழே. இரண்டு துகள்களின் மேகங்கள் ஒன்றையொன்று தொட்டால் விலக்கம் பிறக்கும். மேகம் சுருங்கிவிட்டால் துகள்கள் நெருங்கும். மிக அருகில் வரும் துகள்களுக்கு இடையே எழும் வான் டெர் வால்ஸ் கவர்ச்சி அவற்றைப் பிடித்துக்கொள்ளும். 1941-இல் தெர்யாகினும் லாண்டாவும், 1948-இல் வெர்வேயும் ஓவர்பீக்கும் தனித்தனியாக வகுத்த கோட்பாட்டின் சாரம் இதுதான். இரட்டை மின்னூட்ட அயனிகள் மேகத்தை இன்னும் கடுமையாகச் சுருக்கும். கொஞ்சம் கால்சியம் செய்யும் வேலையைச் செய்ய நிறையச் சோடியம் வேண்டும்.

ஆக, களிமண் குழம்பு கெட்டியாவதற்கு இரண்டு வழி இருக்கிறது. விலக்கத்தால் ஒன்றையொன்று நெருங்க விடாமல் தகடுகள் தங்கள் இடத்திலேயே சிறைப்பட்டு நிற்கலாம். அல்லது, ஒட்டிக்கொண்டு பாத்திரம் முழுக்கப் பரவிய ஒரு வலையாகலாம். வலையில் விளிம்பு முகத்தோடு ஒட்டினால் இடைவெளி நிறைந்த அமைப்பு உருவாகும். துறையில் இதைச் ‘சீட்டுக்கட்டு வீடு’ என்பார்கள். முகம் முகத்தோடு ஒட்டினால் தடித்த கட்டுகள் கிடைக்கும்; அவற்றுக்கு வலை பின்னும் திறன் குறைவு.

இனி உப்பின் இரட்டை வேடத்துக்கு வரலாம். உப்பே இல்லாத நீரில் நன்கு பிரிந்த பென்டோனைட்டை எடுத்துக்கொண்டு, துளித்துளியாக உப்புக் கரைசல் சேர்த்தால், முதலில் குழம்பு இளகும். மேகங்கள் சுருங்கித் தகடுகளுக்கு அசைய இடம் கிடைக்கிறது. இன்னும் சேர்த்தால் மறுபடி கெட்டியாகும். இப்போது ஒட்டிய வலை உருவாகிறது. மேலும் மேலும் சேர்த்தால் வலை திரண்டு சுருங்கி, மேலே தெளிநீர் பிரிந்து, மீண்டும் மெலியும். ஒரே பாத்திரத்தில் இளகல், இறுகல், இளகல். உப்பு என்ன செய்யும் என்ற கேள்விக்கு, எந்த இடத்திலிருந்து தொடங்குகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பதுதான் நேர்மையான பதில். கடல்நீரில் நேரடியாகக் கொட்டிய பென்டோனைட் இந்தப் பயணத்தின் கடைசிப் புள்ளியில் பிறந்தது. அதன் தகடுகள் பிரியவே இல்லை.

நார்வே மண் இந்த ஆட்டத்தில் வேறு காய். அதில் இருப்பவை பெரும்பாலும் ‘இல்லைட்’, ‘குளோரைட்’ என்ற கனிம வகைகள். அவை மாண்ட்மோரில்லனைட் மாதிரி ஊதிப் பிரிவதில்லை. அவை கடலில் படிந்தபோது, லிட்டருக்கு 35 கிராம் அளவு உப்பு இருந்த நீரில், விலக்கம் இல்லாமல் ஒட்டி, நீர் நிறைந்த கூடாக அடுக்கப்பட்டன. பின்னர் உப்பு லிட்டருக்கு 2 கிராமுக்கும் கீழே இறங்கியது. கூடு அப்படியே நிற்கிறது, உள்ளிருக்கும் நீரின் அளவும் பெரிதாக மாறவில்லை. ஆனால் துகள்களை ஒட்டவைத்த காரணம் போய்விட்டது. கூடு உடைந்தால் திரும்ப ஒட்டாது. அந்த உப்பளவில் டெபை நீளம் சில நானோமீட்டர்தான். தடித்த துகள்களுக்கு இடையே இருக்கும் நீரை நிறைத்துப் பிடிக்க அந்த மெல்லிய மேகம் போதாது. விலக்கம் ஒட்டலைத் தடுக்கிறது, ஆனால் சிறைப்படுத்தவில்லை. அதனால் ஓடுகிறது. உப்பு கழுவப்படுவதுதான் காரணம் என்பதை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தெளிவாக்கியவர்களில் நார்வேயின் இவான் ரோசன்குவிஸ்ட் முக்கியமானவர். காரணம் தெரிந்துவிட்டதால் ஆபத்து நீங்கிவிடவில்லை. 2020 டிசம்பர் 30 அன்று யெர்ட்ரும் பகுதியில் நடந்த சரிவில் 10 பேர் இறந்தார்கள்.

ஓட்டத்துக்கு நினைவு உண்டு

நீர், எண்ணெய், தேன் எல்லாவற்றுக்கும் ‘பாகுத்தன்மை இவ்வளவு’ என்று ஓர் எண் சொல்லலாம். களிமண் குழம்புக்கு அப்படிச் சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். குறிப்பிட்ட அளவு விசை கொடுக்கும்வரை அது அசையாது; அசைந்த பிறகு வேகமாகக் கலக்கக் கலக்க இன்னும் இளகும்; நிறுத்திவைத்தால் மெல்ல மெல்ல மறுபடி இறுகும். கடைசியாகச் சொன்ன குணத்துக்குத் திக்சோட்ரோபி என்று பெயர். இதைக் கணக்கில் கொண்டால் ஓட்டம் இப்போதைய விசையை மட்டும் பொறுத்ததல்ல, சற்று முன்பு அந்தக் குழம்புக்கு என்ன நடந்தது என்பதையும் பொறுத்தது.

கிணறு தோண்டுபவர்கள் இதைப் பழக்கத்தில் அறிந்தவர்கள். அவர்களிடம் மார்ஷ் புனல் என்ற எளிய கருவி உண்டு. அந்தப் புனலில் 1,500 மில்லி குழம்பை ஊற்றி, கீழ்த் துளையை விரலால் அடைத்துப் பிடித்து, விரலை எடுத்ததும் 946 மில்லி வெளியேற எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். வெறும் நீருக்கு 26 வினாடி. குழம்புக்கு எத்தனை என்று குறித்துக்கொள்வார்கள். ஆனால் அதோடு விடுவதில்லை. சுழல் கருவியில் குழம்பை நன்றாகக் கலக்கி, 10 வினாடி சும்மா வைத்து, அசைக்க எவ்வளவு விசை வேண்டும் என்று ஒரு தரம் அளப்பார்கள். மறுபடி கலக்கி, 10 நிமிடம் வைத்து, இன்னொரு தரம். இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவர்களுக்கு முக்கியம். பம்பு நின்றால் பாறைத் துகள்கள் அடியில் இறங்காமல் குழம்பு தாங்கிப் பிடிக்க வேண்டும். அதற்காக அளவுக்கு மீறி இறுகிவிட்டாலோ, பம்பை மறுபடி ஓட்டும்போது ஏறும் அழுத்தம் பாறையையே பிளந்துவிடலாம்.

அசையத் தொடங்கத் தேவையான விசை என்று ஒன்று உண்மையிலேயே உண்டா என்பதில் ஒரு நீண்ட சச்சரவு இருக்கிறது. ஓட்டவியலின் முன்னோடியான பிங்ஹாம் காலத்திலிருந்து எல்லோரும் அதைப் பயன்படுத்தி வந்தார்கள். 1985-இல் பார்ன்ஸ், வால்டர்ஸ் இருவரும் அது வெறும் கட்டுக்கதை, போதிய நேரம் பொறுத்தால் எல்லாமே ஓடும் என்றார்கள். பொறியாளர்கள் தலையாட்டிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். களிமண்ணைப் பொறுத்தவரை இந்தச் சண்டையே கேள்வியைத் தவறாகக் கேட்கிறது என்று நினைக்கிறேன். பொறுத்திருக்கப் பொறுத்திருக்க அது இறுகிக்கொண்டே போகும்போது, போதிய நேரம் காத்திருந்தால் என்ற பேச்சுக்கு என்ன பொருள்?

இதை அழகாகக் காட்டிய ஒரு சோதனை 2002-இல் வெளிவந்தது. பிலிப் கூசோ, டேனியல் பான் ஆகியோரின் குழு பென்டோனைட் குழம்பை ஒரு பலகையில் குவித்து, சிறிது நேரம் ஓய்வில் விட்டு, பலகையைச் சாய்த்தது. சரிவு ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் குழம்பு கொஞ்சம் நகர்ந்து நின்றுவிடும். அந்த அளவைச் சற்றுத் தாண்டினால் மெதுவாக ஓடும் என்றுதானே எதிர்பார்ப்போம்? அப்படி ஓடவில்லை. திடீரெனக் கிளம்பி, வேகம் பிடித்துக்கொண்டே போனது. ஓட்டம் அமைப்பைக் குலைக்கிறது. குலைந்த அமைப்பு எளிதாக ஓடுகிறது. அந்த ஓட்டம் இன்னும் குலைக்கிறது. ஓய்வு, ஓட்டம் இரண்டில் எது முந்துகிறதோ அது வெல்லும். நடுவில், மெதுவான சீரான ஓட்டம் என்ற நிலைக்கு இடமே இல்லை. அளவீட்டுக் கருவியில் வேகத்தைக் குறைவாக வைத்து வற்புறுத்தினால், குழம்பு இரண்டாகப் பிரிந்து ஒரு பட்டை ஓடும், மீதி அசையாமல் நிற்கும். அப்போது கருவி காட்டும் எண் எதனுடைய பாகுத்தன்மை என்பதே கேள்வியாகிவிடும்.

விலக்கமா, ஒட்டலா?

கெட்டியான ஒரு களிமண் கூழைப் பார்த்து அது விலக்கத்தால் நிற்கிறதா, ஒட்டலால் நிற்கிறதா என்று சொல்வது சுலபமில்லை. 1938-இல் இர்விங் லாங்மியூர், மெல்லிய களிமண் கலவை ஒன்று காலப்போக்கில் இரண்டு அடுக்காகப் பிரிவதைக் கண்டார். அடியில் தகடுகள் ஒரே திசை நோக்கி ஒழுங்காக நின்றன, மேலே தாறுமாறாக. இதை விளக்க வான் டெர் வால்ஸ் கவர்ச்சி தேவையில்லை என்றார். விலக்கம் மட்டுமே இதற்குப் போதும் என்பதற்கு 1949-இல் ஆன்சாகர் கணித அடிப்படை கொடுத்தார். ஆனால் மற்றவர்கள் முயன்றபோது, பிரிவதற்கு முன்பே கலவை கூழாக உறைந்துபோய்க் காரியத்தைக் கெடுத்தது. நான்ட்ரோனைட் என்ற இரும்புக் களிமண்ணில், 2006-இல்தான் அந்தப் பிரிவு ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது.

எதிர் முகாமில் ‘சீட்டுக்கட்டு வீடு’ கோலோச்சியது. வான் ஓல்ஃபென் அதன் பெரிய ஆதரவாளர். படம் வரையச் சுலபம், மனதில் பதியும். பாடப்புத்தகங்கள் அதை விட்டுவிட மனமில்லாமல் இன்றும் அச்சிடுகின்றன. அமிலத் தன்மையுள்ள நீரில் கயோலினைட்டுக்கு அது நன்றாகவே பொருந்தும். பென்டோனைட் நீரில் கலந்தால் வழக்கமாகக் காரப் பக்கம்தான் நிற்கும். அங்கே விளிம்பின் நேர்மின்னூட்டத்தை நம்பி வீடு கட்டுவது எனக்குச் சற்று அதிகப்படியாகவே படுகிறது.

லேப்போனைட் என்ற செயற்கைக் களிமண் இந்த வழக்கில் நல்ல சாட்சி. அதன் துகள்கள் சுமார் 25 நானோமீட்டர் குறுக்களவும் 1 நானோமீட்டர் தடிமனும் உள்ள, ஏறக்குறைய ஒரே அளவான வட்டுகள். கலவை கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். 2011-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஒரு சதவீதத்துக்கும் குறைவான கலவைகளைப் பல ஆண்டுகள் தொடாமல் வைத்திருந்தபோது, அவை மிக மெதுவாகக் கூழாகவும் நீராகவும் பிரிந்தன. விலக்கம் மட்டும் இருந்தால் இவ்வளவு நீர்த்த நிலையில் அப்படிப் பிரியக் காரணமில்லை. அங்கே ஒட்டல் இருக்கிறது. சரி, 3 சதவீதத்தில்? அதற்கு 2014-இல் செய்த சோதனை மிக எளியது: கெட்டியான கூழின் மேல் நீர் ஊற்றுவது. விலக்கத்தால் நிற்கும் கூழ் என்றால், இடம் கிடைத்ததும் கரைந்துவிடும். ஒட்டி நிற்பது கரையாது. கெட்டியான புதிதில் ஊற்றியபோது கரைந்தது. சில நாட்கள் கழித்து ஊற்றியபோது கரையவில்லை. கண்ணுக்குக் கொஞ்சமும் மாறாத அதே கூழ், உள்ளுக்குள் விலக்கத்திலிருந்து ஒட்டலுக்கு மாறியிருந்தது.

கட்டளைக்கு இளக்குவது

தொழிலில் இந்த அறிவின் பயன் பெரும்பாலும் விளிம்பைக் குறிவைத்தே வருகிறது. பீங்கான் வார்ப்பவர்கள் கயோலின் குழம்பில் சோடியம் சிலிக்கேட்டும் சோடா உப்பும் துளியளவு சேர்ப்பார்கள். மண்ணின் எடையில் ஒரு சதவீதம்கூட வராது. சிலிக்கேட் விளிம்பில் ஒட்டி அதையும் எதிர்மின்னாக்குகிறது, கால்சியத்தையும் முடக்குகிறது. ஒட்டல் விட்டுப்போய், கரண்டியே நிற்கும் பசை அச்சில் ஊற்றும்படி இளகும், ஒரு சொட்டு நீர் கூடுதலாகச் சேர்க்காமல். கை தவறி அதிகம் போட்டால் அதுவும் உப்புதானே, திரும்பக் கெட்டியாகும். கிணற்றுக் குழம்பை இளக்கப் போடும் பாஸ்பேட், டானின், லிக்னோசல்ஃபோனேட் எல்லாம் அதே விளிம்பு வேலையைத்தான் செய்கின்றன.

கடல்நீரிலேயே தோண்ட வேண்டி வந்தால், பென்டோனைட்டோடு மல்லுக்கட்டாமல் அட்டபுல்கைட், செபியோலைட் போன்ற களிமண்களுக்குப் போவார்கள். இவை தகடு இல்லை, ஊசி. ஊதிப் பிரிய வேண்டியதில்லை. வலுவாகக் கலக்கினால் ஊசிகள் பிரிந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு குழம்பைக் கெட்டியாக்கும். இதில் மேகத்துக்குப் பெரிய பங்கில்லாததால் உப்பு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆனால் அவற்றால் முடியாத ஒரு வேலை உண்டு. பென்டோனைட் தகடுகள் கிணற்றுச் சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்து, நீர் கசியாத மெல்லிய தோலாகப் படியும். ஊசிகளுக்கு அப்படிப் படுக்கத் தெரியாது. அவற்றின் படிவு வழியாக நீர் பாறைக்குள் போய்க்கொண்டே இருக்கும். அதை அடைக்கத் தனியாக மாவுச்சத்தோ வேறு பாலிமரோ சேர்க்கிறார்கள்.